ஆறு நாளைக்கு நீங்களே குரு: வாரப் பயிற்சி இலக்கின் அறிவியல்



சனிக்கிழமை மாலை மிருதங்க வகுப்பு முடிந்து, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வீடு திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் இன்று ஒரு புதிய கோர்வை சொல்லிக் கொடுத்தார். வகுப்பில் அது நன்றாகத்தான் வந்தது. "நல்லா சாதகம் பண்ணிட்டு வா" என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த சனிக்கிழமை அவர்முன் உட்கார்ந்து வாசிக்கிறீர்கள். கோர்வை பாதியிலேயே உடைகிறது. "வீட்டில தொடவே இல்லையா?" என்று கேட்கிறார். தொட்டீர்கள். வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணி நேரம் விடாமல் வாசித்தீர்கள். அப்படியிருந்தும் ஏன் வரவில்லை?

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பக்கம் இசை கற்கும் பலருக்கு ஆசிரியரைப் பார்ப்பது வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற ஆறு நாளும் பள்ளி, பிரத்தியேக வகுப்பு, வீட்டுப்பாடம், கைப்பேசி. படிவம் 4, 5 வந்ததும் எஸ்.பி.எம். தேர்வும் சேர்ந்துகொள்கிறது. "எனக்கு இது வராது" என்று வாத்தியத்தை உறைக்குள் போட்டு மூடிவிடுபவர்கள் உண்டு. அப்படி முடிவு செய்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த வாரம் உங்கள் இலக்கு என்னவாக இருந்தது? "நன்றாகப் பயிற்சி செய்ய வேண்டும்" என்பதுதான் பதில் என்றால், குறை உங்கள் திறமையில் இல்லாமல் திட்டத்தில் இருக்கலாம்.

குருகுலத்தில் இருந்தது என்ன?

பழைய வித்துவான்களைப் பற்றிப் பேசும்போது "அசுர சாதகம் செய்தவர்" என்பார்கள். விடியும் முன்பே எழுந்து பல மணி நேரம் வாசித்த கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். அந்தக் கதைகளில் மணிக்கணக்கு மட்டும்தான் நம் மனத்தில் தங்குகிறது. குருகுலத்தில் மாணவன் குருவின் வீட்டிலேயே தங்கியிருந்தான். அவன் வாசிப்பது குருவின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. தவறினால் அன்றைக்கே திருத்தம் கிடைத்தது. நமக்கோ திருத்தம் கிடைக்க ஒரு வாரம் ஆகிறது. இடையில் உள்ள ஆறு நாளும் தவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தும் வேலையை நாமேதான் செய்ய வேண்டும். வார இலக்கு அதற்காகத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கர்நாடக இசையின் தொடக்கப் பாடங்களான சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியவற்றை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. சரளி வரிசை முழுவதும் மாயாமாளவகௌளை ராகத்தில், ஆதி தாளத்தில்தான் வரும். ராகமும் தாளமும் மாறுவதில்லை. சுரங்கள் வரும் வரிசை மட்டும் பாடத்துக்குப் பாடம் மாறும். அதே பாடத்தை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகத்தைக் கூட்டிப் பாடச் சொல்வார்கள். அறிவியல் பாடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை நிலையாக வைப்போம் அல்லவா? சரளி வரிசையிலும் அதே முறைதான். உங்கள் வார இலக்கையும் இப்படி அமைக்கலாம்.

எத்தனை மணி நேரம்?

1993-ஆம் ஆண்டில் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய குழுவினரும் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு வாரம் முழுவதும் என்ன செய்தார்கள் என்பதை நாட்குறிப்பில் எழுதினார்கள். முன்னணியில் இருந்தவர்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் தனியாகப் பயிற்சி செய்தார்கள். இசை ஆசிரியராவதற்குப் படித்தவர்களுக்கு அது சுமார் 9 மணி நேரமாக இருந்தது.

"10,000 மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் வல்லுநர் ஆகலாம்" என்று பின்னாளில் பரவிய பேச்சு இந்த ஆய்விலிருந்து கிளம்பியதுதான். ஆனால் அந்த எண் ஒரு குழுவின் சராசரி மட்டுமே, அப்படி ஒரு விதி இல்லை என்று எரிக்சனே விளக்கினார். அவர் வலியுறுத்தியது, குறிப்பிட்ட ஒரு குறையைத் திருத்தும் நோக்கத்தோடு கவனமாகச் செய்யும் பயிற்சியைத்தான். பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, இசைத் திறனில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 21 விழுக்காட்டைத்தான் இத்தகைய பயிற்சியைக் கொண்டு விளக்க முடிகிறது என்று கூறியது. ஆக, பயிற்சி மட்டுமே எல்லாம் என்று சொல்ல முடியாது. ஆனால் நம் கையில் இருப்பது அதுதான்.

2009-இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக் குழுவினர் 17 பியானோ மாணவர்களுக்கு ஒரு கடினமான சிறு பகுதியைக் கொடுத்தார்கள். தேவையான அளவு பயிற்சி செய்துகொள்ளலாம் என்றார்கள். சிலர் பத்து நிமிடத்துக்குள் முடித்தார்கள். சிலர் ஒரு மணி நேரத்தை நெருங்கினார்கள். மறுநாள் பயிற்சி எதுவும் இல்லாமல் நேராக வாசிக்கச் சொன்னார்கள். யார் சிறப்பாக வாசித்தார்? முந்தைய நாள் அதிக நேரம் எடுத்தவரா, அதிக முறை வாசித்தவரா? இரண்டுமே இல்லை. தவறு நேர்ந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து, வேகத்தைக் குறைத்து, அந்த இடம் திருந்தும் வரை விடாதவர்கள்தான் சிறப்பாக வாசித்தார்கள்.

இதில் வியப்பில்லை. திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுக்கான நரம்பணு இணைப்புகளை மூளை வலுவாக்குகிறது. அந்த அசைவு சரியானதா, தவறானதா என்று அது பார்ப்பதில்லை. தவறோடு இருபது முறை வாசித்தால், தவறுக்கே இருபது முறை பயிற்சி கொடுத்தோம் என்று அர்த்தம்.

வெள்ளி இரவுப் பயிற்சி ஏன் ஏமாற்றுகிறது?

1978-இல் ஆலன் பேட்லி, லாங்மன் என்ற இருவர் பிரிட்டிஷ் தபால்காரர்கள் தட்டச்சு கற்ற விதத்தை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒரு குழு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் கற்றது. இன்னொரு குழு நாளுக்கு இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை உட்கார்ந்தது. விசைப்பலகையைக் கற்றுக்கொள்ள முதல் குழுவுக்கு மொத்தம் சுமார் 35 மணி நேரம் போதுமானதாக இருந்தது. நாளுக்கு நான்கு மணி நேரம் பழகிய குழுவுக்கோ சுமார் 50 மணி நேரம் தேவைப்பட்டது. ஆனால் குறைந்த மணி நேரத்தில் கற்ற அந்த முதல் குழுவுக்குத்தான் பயிற்சியில் மனநிறைவு குறைவாக இருந்தது! நாள் கணக்கில் பார்த்தால் தாங்கள் பின்தங்குவதாக அவர்களுக்குத் தோன்றியது.

உங்கள் வெள்ளி இரவும் இப்படிப்பட்டதுதான். இரண்டாம் மணி நேரத்தின் முடிவில் கோர்வை சரளமாக வருகிறது, கற்றுவிட்டோம் என்ற நிறைவும் வருகிறது. அந்தச் சரளம் அன்றைய சூட்டில் வந்தது. எவ்வளவு கற்றோம் என்பது மறுநாள் முதல் முயற்சியில்தான் தெரியும்.

தூக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2002-இல் மேத்யூ வாக்கரும் மற்ற ஆய்வாளர்களும் சிலருக்கு விரல்களால் ஓர் எண் வரிசையை வேகமாகத் தட்டும் பயிற்சி கொடுத்தார்கள். மாலையில் பழகி, இரவு தூங்கி எழுந்தவர்கள் கூடுதல் பயிற்சி இல்லாமலேயே சுமார் 20 விழுக்காடு வேகமாகத் தட்டினார்கள். காலையில் பழகி, தூங்காமல் மாலையில் தட்டியவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. இந்த ஆதாயத்தின் அளவு பற்றி ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆயினும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு நாளாகப் பிரித்து வாசித்தால் பயிற்சிகளுக்கு இடையே ஐந்து இரவுத் தூக்கம் கிடைக்கிறது. வெள்ளி இரவு மட்டும் வாசித்தால், வகுப்புக்கு முன் ஒரே ஓர் இரவுதான்.

இலக்கை எழுதும் முறை

வகுப்பு முடிந்த அன்றே, ஆசிரியர் சொன்னது காதில் இருக்கும்போதே, ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு விவரங்களை எழுதுங்கள்.

1. எந்த இடம்? பாடம் முழுவதையும் எழுதாதீர்கள். கோர்வையின் கடைசி வரி, வயலினில் கை நிலை மாறும் இடம், கீர்த்தனையில் ஒரு சங்கதி என்று சிறிதாக எழுதுங்கள்.

2. எந்த வேகம்? மெட்ரோனோம் செயலியில் ஓர் எண்ணைக் குறியுங்கள்.

3. எது வெற்றி? "தொடர்ந்து 5 முறை பிழையின்றி" என்பதுபோல் எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும்.

4. எப்போது, எங்கே? "பள்ளியிலிருந்து வந்து குளித்ததும், மாலை 6 மணிக்கு, வரவேற்பறையில்" என்று எழுதுங்கள். நேரத்தையும் இடத்தையும் இப்படி முன்கூட்டியே முடிவு செய்பவர்கள், வெறுமனே "செய்வேன்" என்று எண்ணுபவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுகின்றன.

"இந்த வாரம் கோர்வையை நன்றாக வாசிக்க வேண்டும்" என்பது ஆசை. "கோர்வையின் கடைசி வரி, நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில், தொடர்ந்து 5 முறை பிழையின்றி, வெள்ளிக்கிழமைக்குள்" என்பது இலக்கு. இதை ஆறு நாளுக்கு இப்படிப் பிரிக்கலாம். நாளுக்கு 25 நிமிடம் போதும்.

ஞாயிறு: 40 தட்டு வேகத்தில், கடினமான இடம் மட்டும்.
திங்கள்: முதலில் நேற்றையதை ஒரே ஒரு முறை வாசித்துப் பாருங்கள். தடுமாறிய இடத்தைக் குறியுங்கள். பிறகு அதே வேகத்தில் திருத்துங்கள்.
செவ்வாய்: 48. பிழை வந்தால் 40-க்கே திரும்புங்கள்.
புதன்: கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது தப்பிப் போகும் பிழை, கேட்கும்போது பிடிபடும்.
வியாழன்: 54. கடினமான இடத்தை முன்னும் பின்னும் உள்ள வரிகளோடு சேர்த்து வாசியுங்கள்.
வெள்ளி: 60-இல் சோதனை. முதல் முயற்சியைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

தேர்வு வாரமென்றால் இலக்கைக் கைவிட வேண்டாம், சுருக்குங்கள். ஒரு வரி, பத்து நிமிடம் போதும்.

சத்தம் போட முடியாத வீடுகளில்

லயத்து வீட்டிலும் மாடி வீட்டிலும் இரவு ஒன்பது மணிக்குத் தவிலையோ உறுமியையோ எடுக்க முடியாது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை தூங்கும். அதிகாலை வேலைக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். அதற்காக அந்த நாள் வீணாக வேண்டியதில்லை. சொற்கட்டைத் தாளம் போட்டு வாயால் மெதுவாகச் சொல்லுங்கள். விரல்கள் போவதை மனத்தில் பாருங்கள்.

இதற்கும் சான்று உண்டு. 1995-இல் ஆல்வரோ பாஸ்குவல்-லியோன் குழுவினர், ஐந்து விரல் பியானோ பயிற்சி ஒன்றைச் சிலருக்கு விரலாலும், சிலருக்கு மனத்தால் மட்டுமே செய்யவும் கொடுத்தார்கள். ஐந்து நாள் கழித்துப் பார்த்தால், விரல்களை இயக்கும் மூளைப் பகுதியில் இரு குழுவினரிடமும் ஒத்த மாற்றம் தெரிந்தது. வாசிப்பில் மனப்பயிற்சிக் குழு சற்றுப் பின்தங்கியிருந்தது. ஆனால் ஒரு முறை விரலால் பழகியதும் மற்றவர்களை எட்டிவிட்டது. மனப்பயிற்சி வாத்தியத்துக்கு மாற்று ஆகாது; வாத்தியம் எடுக்க முடியாத நாளில் அது துணை நிற்கும்.

செய்து பாருங்கள்

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். சோதித்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே அளவு கடினமான இரண்டு சிறு பாடங்களை உங்கள் ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். முதல் வாரம் ஒன்றை வெள்ளியன்று 150 நிமிடம் ஒரே மூச்சில் வாசியுங்கள். இடையில் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் வாரம் மற்றதை நாளுக்கு 25 நிமிடம் வீதம் ஆறு நாள் வாசியுங்கள். இரண்டு வாரமும் சனிக்கிழமை காலை முதல் முயற்சியில் எத்தனை பிழை என்று எண்ணுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள்.

இதில் பயிற்சியைப் பிரிக்கும் முறை தற்சார்பு மாறி. பிழைகளின் எண்ணிக்கை சார்பு மாறி. மொத்த நேரமும் வேகமும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஒருவர் மட்டும் செய்தால் முடிவு தற்செயலாகவும் இருக்கலாம். ஆகவே உங்கள் வகுப்பில் நான்கைந்து பேர் சேர்ந்து செய்யுங்கள். பாதிப் பேர் வரிசையை மாற்றி, பிரித்து வாசிக்கும் வாரத்தை முதலில் வைத்துக்கொள்ளட்டும்.

இலக்கு நிறைவேறாத வாரங்களும் வரும். அப்போது "எனக்கு வராது" என்று எழுதாதீர்கள். "54-இல் வந்தது, 60-இல் மூன்றாம் முறை உடைந்தது" என்று எழுதுங்கள். அடுத்த வகுப்பில் அந்தப் பக்கத்தை ஆசிரியரிடம் காட்டுங்கள். "வீட்டில தொடவே இல்லையா?" என்று அவர் கேட்க வேண்டியிருக்காது. எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். அன்றைய பாடத்தை அங்கிருந்தே தொடங்குவார்.