மாஸ்ஃபெட் தெரிந்தெடுக்கும் முறை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களினின்று வரும் மாணாக்கர்க்குத் தோல் பதனிடும் சாலைகளின் நாற்றத்தை நாம் விவரித்தல் வேண்டா. மயிர் களையும்பொருட்டுத் தோல்களைச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் ஊறவைப்பர். அக்கழிவுநீர் அமிலக் கழிவோடு கலந்தாலும், காற்றோட்டமற்ற தொட்டியில் தேங்கினாலும், ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு பிறக்கும். அது காற்றினும் கனமானதாகலின் குழியின் அடியிலே தங்கும். சிறிதளவாயின் அழுகிய முட்டைபோல் நாறும். காற்றின் 10 லட்சம் பங்கில் 100 பங்களவு சேரின் மோப்ப உணர்ச்சியையே மரக்கச்செய்யும். நாற்றம் ஒழிந்தது என்று நம்பிக் குழியிலிறங்குபவன் உயிருக்கு உறுதியில்லை.

இவ்வாயுவை உணர்ந்து, தூயகாற்றைக் குழிக்குள் செலுத்தும் விசிறியைத் தானே ஓட்டுவிக்கும் ஒரு சிறு மின்சுற்றைப் பாடத்திற்காக அமைக்க முயன்றோம். விசிறி 12 வோல்ட் பாட்டரியில் 6 ஆம்பியர் கொள்வது. அதனை ஆளும் மைக்ரோகண்ட்ரோலரோ 3.3 வோல்ட் மாத்திரமே தரவல்லது. இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கும் கதவே மாஸ்ஃபெட். அதன் கேட் என்னும் வாயிலில் மின்னழுத்தம் ஏற, டிரெயினிலிருந்து சோர்ஸுக்கு மின்னோட்டம் செல்லும். வால்வில் கிரிட்டைப் பயின்ற மூத்த பழைய மாணவர்க்கு இது புதுமையன்று. பெல் ஆய்வுக்கூடத்து அட்டல்லாவும் காங் என்பவரும் இதனை 1960-இல் வெளியிட்டனர்.

கடையில் எளிதிற் கிடைத்தது ஐ.ஆர்.எஃப். 540 என். அதன் விவரத்தாளில் 'வாயில் தொடக்க மின்னழுத்தம் 2 முதல் 4 வோல்ட்' என்றிருக்கக் கண்டு, 3.3 வோல்ட் போதுமென மகிழ்ந்தோம். இரண்டு வாங்கினோம். ஒன்று விசிறியைச் சுழற்றியது; அதே எண்ணுடைய மற்றொன்றோ சுழற்றவேயில்லை. பிழை நம்முடையதே. தொடக்க மின்னழுத்தம் என்பது 250 மைக்ரோ ஆம்பியர் கசியத் தொடங்கும் அளவேயன்றிக் கதவு முற்றுந் திறக்கும் அளவன்று. தாழ்ப்பாள் நெகிழ்ந்ததைக் கண்டு, கதவு திறந்ததென்று எண்ணிவிட்டோம். திறந்த நிலைக்குரிய மின்தடை எந்த வாயில் மின்னழுத்தத்திற்குக் கூறப்பட்டுள்ளது என்பதையே முதற்கண் நோக்கல்வேண்டும். 540-க்கு 44 மில்லி ஓம் என்றுள்ளது 10 வோல்ட்டிற்கு. குறைந்த மின்னழுத்தத்திற்கென்றே செய்த ஐ.ஆர்.எல்.இசட். 44 என்-னுக்கும் உறுதி 4 வோல்ட் வரையிலேதான், 3.3-க்கு அதுவும் ஆகாது.

அடுத்தது வெப்பம். 10 வோல்ட் கொடுத்தாலும், 6 ஆம்பியரின் வர்க்கத்தை 44 மில்லி ஓமால் பெருக்க ஏறக்குறைய 1.6 வாட் வருகிறது. வெப்பத் தகடின்றி நிற்கும் இவ்வுறுப்பு ஒரு வாட்டிற்குச் சுமார் 62 டிகிரி சூடேறும்; ஆகவே 98 டிகிரி. தகரப்பெட்டிக்குள் வேலூர்க் கோடை 45 டிகிரியைக் கூட்டும். சூடேறச் சூடேற மின்தடையும் வளர்ந்து ஏறத்தாழ இருமடங்காகுமாதலின், 175 டிகிரி எனும் எல்லையைத் தாண்டிவிடும். ஐ.ஆர்.எஃப்.இசட். 44 என்-னில் மின்தடை 17.5 மில்லி ஓமே, தொடக்கத்தில் 0.63 வாட்டே விரயமாம். 540 தாங்குவது 100 வோல்ட், இது 55 வோல்ட் மாத்திரமே. எனினும் நமக்கு வேண்டுவது 12 தானே! வேண்டாத தாங்குதிறனுக்கு விலையாக மின்தடையை ஏற்பது வீண். விவரத்தாளின் உச்சியிற் பொறித்த 49 ஆம்பியரைக் கண்டும் மயங்கற்க. அஃது உறுப்பின் உடல் 25 டிகிரியில் வைக்கப்பட்டால் மட்டுமே.

44 என்-னைத் தெரிந்து, சிறு தகடும் பொருத்தினோம். மோட்டார் நிற்குங்கால் எழும் எதிர் மின்னழுத்தம் உறுப்பைக் கொல்லாதிருக்க, மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடும் இட்டோம்.

வாயிலுக்கு 10 வோல்ட்டிற்கு மேல் தருவது எவ்வாறு? 12 வோல்ட்டினின்று 10 கிலோ ஓம் தடையொன்றின் வழியே வாயிலை உயர்த்தி, பி.சி. 547 டிரான்ஸிஸ்டர் அதனைக் கீழிழுக்குமாறு செய்தோம். வாயிலின் எல்லை 20 வோல்ட்டாகலின் இதனால் தீங்கில்லை. ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்க விரைவாகத் திறந்து மூடுவதற்கு இம்முறை உதவாது. ஓட்டவும் நிறுத்தவுமே போதும். இதில் ஒரு தலைகீழ் உண்டு: கண்ட்ரோலர் மின்னழுத்தம் தந்தால் விசிறி நிற்கும், தராவிடில் ஓடும். புத்தகங்களில் வழக்கமாக, கட்டளையில்லாதபோது மோட்டார் நிற்குமாறே வாயிலைக் கீழிழுப்பர். பொம்மை வண்டிக்கு அது பொருந்தும். கண்ட்ரோலர் பழுதுற்ற வேளையில் உள்ளே ஒருவன் இருப்பானாயின், விசிறி நிற்பதோ ஓடுவதோ நலம்?

எரியக்கூடிய வாயுவாதலின் மோட்டாரைக் குழிக்குள் வைத்தலாகாது. மேலே வைத்துக் குழாய்வழிக் காற்றைச் செலுத்தல்வேண்டும். நம் சுற்று மேசைமேற் பாடமே. இதனை நம்பி எவரும் தொட்டியில் இறங்கற்க. அதற்குச் சோதித்துத் திருத்திய வாயுமானியும், சுவாசக் கருவியும், மேலே காவல் நிற்போரும் வேண்டும்.

இறுதிச் சோதனையாக, விசிறி ஓய்ந்திருக்கையில் கண்ட்ரோலரை அதன் பொருத்தியினின்று பிடுங்கினோம். விசிறி சுழலத் தொடங்கியது. அரைமணி கழித்து மாஸ்ஃபெட்டின்மேல் விரல் வைத்துப் பார்த்தோம், தொட்டுக்கொண்டிருக்க முடிந்தது.