எட்டாம் நாள் தண்ணீர் ஊற்றுவது யார்?

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமுக்குப் பெயர் கொடுத்திருக்கும் மாணவருக்காக இதை எழுதுகிறேன். அந்த முகாம் ஊருக்குப் பயன்படுமா படாதா என்பது, பையும் பாயுமாக நீங்கள் பேருந்தைவிட்டு இறங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே முடிவாகிவிடுகிறது. மரக்கன்று நடுதல், கோயில் வளாகத் தூய்மை, விழிப்புணர்வுப் பேரணி, கண் பரிசோதனை, நிறைவு விழா என்று நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் கல்லூரி அறையிலேயே தயாராகிறது. ஊரைப் பார்க்காமல் எழுதிய நிரலில் எந்த ஊரின் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். அந்த ஊருக்கு வேண்டியது அதில் இருந்தால் அது தற்செயல்தான். 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கிய இந்தத் திட்டத்தில், ஓர் அணி ஒரு கிராமத்தைத் தத்தெடுத்துக்கொண்டு தொடர்ந்து அங்கே வேலை செய்வது வழக்கம். பிள்ளையை ஏழு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பிவிட்டால் அதற்குத் தத்தெடுப்பு என்று பெயரில்லை. ஆகவே முகாமுக்கு முன் குறைந்தது நான்கு முறையாவது அந்த ஊருக்குப் போய்வந்துவிட வேண்டும். மற்ற எல்லா வேலையும் இதற்குப் பிறகுதான்.

அனுமதிக் கடிதம், சமையல், பாத்திரம், முதலுதவிப் பெட்டி இவற்றையெல்லாம் திட்ட அலுவலர் பார்த்துக்கொள்வார். தங்குமிடத்தில் மட்டும் நீங்கள் வாய் திறந்து பேச வேண்டும்: அது பள்ளிக்கூடமாகவே இருக்கட்டும். கோயில் மண்டபத்திலோ ஒரு சமூகத்தாரின் கல்யாண மண்டபத்திலோ முகாம் நடந்தால், அந்தப் படியேறத் தயங்குகிறவர்கள் கலை நிகழ்ச்சிக்கும் வரமாட்டார்கள், கண் பரிசோதனைக்கும் வரமாட்டார்கள். வராதவர்களை ஆர்வமில்லாதவர்கள் என்று அறிக்கையில் எழுதிவிட்டுத் திரும்புவது பெரிய அநியாயம். முதல் நடைக்கு நாள் பார்க்கத் தேவையில்லை. அக்டோபர் 2 கிராம சபை நாள். பள்ளி அணிகளுக்குக் காலாண்டு விடுமுறையிலேயே முகாம் வந்துவிடும் என்றால் ஆகஸ்ட் 15-இல் போகலாம். தமிழ்நாட்டில் சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் 2022-இல் சேர்ந்துகொண்டதால் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஓரமாக உட்கார்ந்து கேட்டாலே போதும். யார் எழுந்து பேசினார்கள் என்பதோடு, எந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மூன்று நடையும் வீடுவீடாகப் போவதற்கு. மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். காலை பதினொரு மணிக்குப் போகாதீர்கள். வயலுக்கும் கட்டட வேலைக்கும் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள், திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் ஐம்பது வீட்டுக்கும் சேர்த்துப் பதில் வாங்கிக்கொண்டு வருவீர்கள். மாலை ஐந்தரைக்கு மேல் போங்கள். ஊர்த்தெருவில் தொடங்கினால் காலனிக்கு வருவதற்குள் இருட்டிவிடும், 'அங்கே நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொல்வார்கள், அந்த நாளை வரவே வராது. அதனால் காலனியிலிருந்தே தொடங்குங்கள். ஒரு வாசலுக்கு இரண்டு பேர் போதும், ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. ஒருவர் பேச, இன்னொருவர் எழுத வேண்டும். ஆறு பேர் கும்பலாக நின்றால் குழுக் கடன் வசூலுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவு பாதி சாத்திக்கொள்ளும். எழுதுவது சட்டைப்பையில் அடங்கும் நோட்டில்தான், கைபேசியில் கூடாது. திரையைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்கிறவரிடம் யாரும் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லமாட்டார்.

கேள்வியைப் பற்றி இன்னும் பொறுமையாகப் பேச வேண்டும். 'உங்க ஊருக்கு என்ன வேணும்?' என்று தொடங்குவதுதான் பலரும் செய்யும் பிழை. அதற்கு ரோடு வேண்டும், தண்ணீர் வேண்டும், பஸ் வேண்டும் என்றுதான் பதில் வரும். மூன்றும் நியாயமான பதில்கள், மூன்றையும் உங்களால் செய்ய முடியாது. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் போன பத்தாவது கூட்டமாக நீங்களும் ஆகிவிடுவீர்கள். அதற்குப் பதிலாக நடந்து முடிந்ததைக் கேளுங்கள்: 'அக்கா, போன மாசம் தாலுகா ஆபீசுக்கோ பேங்குக்கோ எத்தனை நடை போனீங்க? எதுக்காகப் போனீங்க?' இந்தக் கேள்விக்கு விண்ணப்பம் போல ஒரு பதில் வராது, ஒரு நாள் முழுக்கக் கண்முன் வரும். குடும்ப அட்டையில் மாரியாயி, ஆதாரில் மாரியம்மாள் என்றிருப்பதால் முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டும் திரும்பி வந்துவிட்டது என்று ஒரு பாட்டி சொன்னால், பெட்டியிலிருந்து அந்த இரண்டு அட்டையையும் எடுத்துவரச் சொல்லிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர், பிறந்த ஆண்டு, கணவர் பெயர் என்று எது எங்கே வேறுபடுகிறது என்பதை அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆதார் எண்ணை மட்டும் எழுதவும் வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். இதே சிக்கல் பத்துப் பன்னிரண்டு வீட்டில் இருப்பது தெரிந்தால் முகாமின் ஒரு நாளுக்கு வேலை கிடைத்துவிட்டது: ஆளுக்கு ஒரு பாட்டி, ஒரு விண்ணப்பம், இ-சேவை மையத்துக்கு ஒரு நடை.

நான்கு நடையில் சேர்ந்த பட்டியலில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே: எட்டாம் நாள் இதை யார் பார்த்துக்கொள்வார்? மரக்கன்றுகளை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐம்பது மாணவர்கள் மதியத்துக்குள் 200 கன்று நட்டுவிடுவார்கள். ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் என்று வைத்தால் 2,000 லிட்டர்; பதினைந்து லிட்டர் குடத்தில் 130 குடத்துக்கு மேல், அதுவும் வாரத்துக்கு இரண்டு தடவை. கல்லூரி முகாம்கள் பலவும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, சனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் நடக்கின்றன. அடுத்து வருவது கோடை. குடிதண்ணீருக்கே வரிசையில் நிற்கும் ஊரில் அந்த 130 குடத்தைச் சுமப்பவர் ஒரு பெண்ணாகத்தான் இருப்பார், அவரை யாரும் கேட்கவில்லை. மீதியை ஆடு பார்த்துக்கொள்ளும். அதனால் நட்டே ஆக வேண்டும் என்றால் இருபது நடுங்கள். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடிவரும் இடமாகப் பார்த்து, கேட்டு வாங்கிக்கொண்ட வீட்டு வாசலில், கருவேல முள் அடைத்து, புங்கனோ பூவரசோ வையுங்கள். சாக்கடை அள்ளுவதைப் பொறுத்தவரை, கழிவுநீர்க் குழிக்குள் ஒருவரும் இறங்கக்கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கூலிக்கு ஆள் இறக்குவதையே தடை செய்திருக்கும்போது, சேவை என்ற பெயரில் மாணவரை இறக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

முகாம் மாணவரை வளர்ப்பதற்குத்தானே, ஊரை முன்னேற்றுவது அரசின் வேலையல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. பாதி சரி. ஆனால் மாணவர் எதைக் கற்றுக்கொண்டு வளர்கிறார் என்று பார்க்க வேண்டும். நட்டதும் படம் எடுத்ததும் வேலை முடிந்தது என்று இருபது வயதில் பழகிக்கொள்பவர், பின்னாளில் ஓர் அலுவலக நாற்காலியில் உட்காரும்போதும் அப்படியே கோப்பை மூடுவார். நேரம் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 என்பது திட்டத்தின் கணக்கு. நான்கு நடை, நடைக்கு மூன்று மணி நேரம் என்றால் 12 மணி, அதாவது ஓர் ஆண்டுக் கணக்கில் பத்தில் ஒரு பங்கு. கல்லூரி வளாகத்தில் புல் வெட்டும் நேரத்திலிருந்து அதை எடுத்துக்கொள்ளலாம் என்று திட்ட அலுவலரிடம் தயங்காமல் கேளுங்கள். அறிக்கைக்குப் படம் வேண்டுமே என்ற கவலைக்கும் வழி இருக்கிறது: எத்தனை விண்ணப்பம் போட்டோம், எத்தனை பேருக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது என்ற எண்ணிக்கை எந்தப் பேரணிப் படத்தையும்விடக் கனமானது.

ஏழு நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடும் உழைப்பைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். மதியச் சொற்பொழிவு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். பணிக் குறிப்பேட்டை அன்றன்று இரவே எழுதுங்கள். ஏழாம் நாள் மொத்தமாக எழுதுவதில் எல்லா நாளும் ஒரே நாளாகத்தான் இருக்கும். நிறைவு விழா மேடைக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை எடுத்து, முடிந்தவை, முடியாதவை, யார் எதைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார் என்று ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள். முடியாதவற்றையும் எழுதியே தீர வேண்டும்.

ஒரு மாதம் கழித்து இரண்டு பேராவது திரும்பிப் போய் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீடுவீடாகக் கேளுங்கள். உதவித்தொகை வரவில்லையென்றால் ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பார்த்து, எந்த மேசையில் நிற்கிறது என்று விசாரியுங்கள். இரண்டாம் ஆண்டு முடிந்து சான்றிதழ் வாங்கும்போது அந்தச் சட்டைப்பை நோட்டை இளையவரிடம் கொடுத்துவிட வேண்டும், கல்லூரியில் வைத்து அல்ல, ஊரில் வைத்து. அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு மாலை ஐந்தரைக்குப் போங்கள். காலனியின் முதல் வீட்டில் நின்று, 'பாட்டி, இனிமே இந்தத் தம்பி வருவான்' என்று சொல்லிவிட்டு, நோட்டில் அந்த வீட்டுப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுங்கள்.