பாரசிட்டமால் உடலுக்குள் என்ன ஆகிறது?

தலைவலி, காய்ச்சல் என்றால் பல வீடுகளில் முதலில் தேடுவது பாரசிட்டமால் மாத்திரையைத்தான். அளவோடு உட்கொண்டால் நோவைத் தணிக்கும் இம்மருந்து, அளவு மீறினால் உயிருக்கே ஆபத்தாகிறது. அது எப்படி?

விழுங்கிய மாத்திரை இரைப்பையில் கரைகிறது. சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. பிறகு அதை மாற்றி வெளியேற்றும் வேலையைக் கல்லீரல் மேற்கொள்கிறது. மருந்தின் பெரும்பகுதியை அது குளுகுரானிக் அமிலத்துடனும் சல்பேட்டுடனும் இணைத்துவிடுகிறது. இவ்வாறு இணைந்தவை நீரில் எளிதில் கரைவதால் சிறுநீருடன் வெளியேறுகின்றன. இரத்தத்திலுள்ள மருந்து ஏறத்தாழ இரண்டரை மணிக்கு ஒருமுறை பாதியாகிறது. ஐந்து மணியில் கால் பங்குதான் மிஞ்சும். இதனால்தான் இரண்டு வேளைகளுக்கு இடையே 4 முதல் 6 மணி நேரம் விடுகிறோம்.

மருந்தில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வேறு வழியில் செல்கிறது. கல்லீரலின் நொதிகள் அதை ஒரு நச்சுப் பொருளாக மாற்றுகின்றன. ஆயினும் குளுட்டாதயோன் என்னும் பொருள் அந்த நஞ்சை உடனே பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. மருந்து மிகுந்தால் முதல் இரு வழிகளும் திணறும், நஞ்சு பெருகும், குளுட்டாதயோன் இருப்பு தீர்ந்துபோகும். அப்போது கல்லீரல் செல்கள் மடிகின்றன. எலிகளை வைத்து நடந்த ஆய்வுகள் 1973-இல் இதை விளக்கின.

முதல் நாளில் குமட்டல் தவிர வேறு அறிகுறி தோன்றாமலும் இருக்கலாம். ஆகவே அளவு மீறியது தெரிந்தால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குளுட்டாதயோனை மீண்டும் பெருக்கும் அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து, 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாகப் பலன் தரும்.

சரியான அளவு என்ன? பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 மி.கி. மாத்திரை ஒன்று அல்லது இரண்டு. ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. கல்லீரல் நோயாளிகளுக்கும், மது அருந்துவோருக்கும், எடை குறைந்தோருக்கும் இதனினும் குறைவு. அதை மருத்துவரே சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு எடையே கணக்கு: கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 200 முதல் 300 மி.கி.; நாளொன்றுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சிரப்பின் வீரியம் புட்டிக்குப் புட்டி மாறும். சமையலறைக் கரண்டியை விட்டு, உடன் வரும் அளவுமூடியைப் பயன்படுத்துங்கள்.

சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து உட்கொண்டால் அறியாமலே அளவு இரட்டிப்பாகும். உங்கள் வீட்டிலுள்ள மருந்து அட்டைகளைப் பெரியவர்களுடன் சேர்ந்து படித்துப் பாருங்கள். எத்தனை மருந்துகளில் இப்பெயர் இருக்கிறதென்று எண்ணுங்கள்!