மாத்திரைக்காக ஜிப்மர் வரிசையா?

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர். மாத்திரைக்காக ஜிப்மர் போனால் அரை நாள் வரிசை. டாக்டர் பார்ப்பது இரண்டே நிமிடம். என்ன செய்வது?
– வாசகி, கோட்டக்குப்பம்

பதில்: உங்கள் ஊர் விழுப்புரம் மாவட்டம், கூப்பிடு தூரத்தில் இருப்பதோ புதுச்சேரி ஆஸ்பத்திரி. ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம் என்பதால் எல்லைக்கோடு தடையில்லை. ஆனால் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று சுற்றுவட்டாரமே அங்கேதான் வருகிறது. அந்த இரண்டு நிமிடத்துக்கு டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாத்திரைக்கு மட்டும் அங்கே போகாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த இரண்டு நோய்க்கும் வீட்டுக்கே மாத்திரை தருகிற திட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். மாத்திரை வரத் தாமதமானால் விடாமல் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

பெரிய ஆஸ்பத்திரியை வருடாந்திரச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: கண் விழித்திரை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின். பழைய சீட்டு, தீர்ந்த மாத்திரை அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். டாக்டர் முன் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, அவர் கேட்காவிட்டாலும், அம்மாவைச் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள். சர்க்கரையால் மரத்துப்போன காலில் முள் குத்தினாலும் தெரியாது.