காரை இறக்கப் போறியா தம்பி? முதல்ல டேப்பை எடு

2025 ஜனவரியில துபாய் 24 மணி நேரப் பந்தயத்துல அஜித்குமார் அணியோட போர்ஷே தன் பிரிவுல மூணாவதா வந்துச்சே, அன்னிக்குப் பிடிச்ச கிறுக்கு எங்க வீட்டுத் தம்பிக்கு. பெங்களூர்ல வேலை பார்க்கிறான், பழைய போலோ ஜிடி கார் ஒண்ணு வெச்சிருக்கான். மூணே மாசத்துல மட்கார்டு மேல ஃபைபர் ஏறுச்சு, அகல வீல் ஏறுச்சு, நாலு பக்கமும் காயில் ஓவர் ஏறுச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி தர்மபுரிக்கு வந்தான். எங்க தெரு முனை வேகத்தடையில அடி உரசின சத்தத்துக்கு ரெண்டு தெரு நாயும் எழுந்து குரைச்சது.

நான் ரேஸ் பார்த்து வளர்ந்தவ இல்லை. அப்பாவோட கமான் பட்டறையில லாரிக்குப் பட்டை அடுக்குறதைப் பார்த்து வளர்ந்தவ. இப்ப வீட்டுக்காரர் வீல் அலைன்மென்ட் கடை வெச்சிருக்கார், அந்த ஸ்கிரீன் முன்னாடி உட்கார்றது நான்தான். இறக்கின வண்டிங்க எங்க கடைக்குப் புகார் சொல்லிக்கிட்டேதான் வரும். அதுக்காக வேண்டாம்னு தடுக்க வரலை. செய்யறதுன்னா இப்படிச் செய்னு சொல்றேன்.

காயில் ஓவர்னா பெரிய ரகசியம் ஒண்ணுமில்லை. ஷாக் அப்சார்பர் உடம்புல மரை வெட்டி, அதைச் சுத்தி ஸ்பிரிங்கை மாட்டி, வளையத்தைத் திருகி உயரத்தை ஏத்தி இறக்குற மாதிரி பண்ணியிருப்பாங்க. உயரம், ஸ்பிரிங் இறுக்கம், ஷாக்கோட கெட்டித்தனம் மூணையும் நீயே வெச்சுக்கலாம். மூணையும் ஒரே நாள்ல திருகித் தள்ளுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு.

உயரத்தை போட்டோ பார்த்து முடிவு பண்ணாதே. நீ வாரா வாரம் போற ரோட்டுல மோசமான இடம் எதுவோ, அதை டேப்பால அளந்து முடிவு பண்ணு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அளவுப்படி வேகத்தடைன்னா 3.7 மீட்டர் அகலம், நடுவுல 10 செ.மீ. உயரம். போலோவுல முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட 2.47 மீட்டர்தான். அந்த மேட்டு உச்சி வயித்துக்குக் கீழே வர்றப்ப நாலு சக்கரமும் மேட்டு மேலயே நிக்கும். கணக்குப் போட்டா அங்கே நாலரை செ.மீ. இடைவெளி போதும். அப்ப வில்லன் யாரு? ஊர்க்காரங்க தாங்களே ஜல்லியும் சிமெண்டும் கலந்து போட்ட முழம் அகல மேடு. அதுல சக்கரம் எல்லாம் சமதரையில நிக்கும், மேடு முழுசும் வயித்துக்குக் கீழே வந்துடும். மெதுவா போனா சைலன்சர் பைப்பு தட்டும். வேகமா ஏறி முன் சக்கரம் பொத்துனு விழுந்தா ஆயில் சேம்பர் தட்டும். சேம்பர் உடைஞ்சு ஆயில் போச்சுன்னா என்ஜினே போச்சு.

கம்பெனியில இருந்து வர்றப்ப போலோவுக்குத் தரை இடைவெளி சுமாரா 165 மி.மீ. தம்பி 60 இறக்கியிருந்தான். அம்மா, அப்பா, நான், பின்னாடி ஒரு மூட்டை மாங்காய்னு ஏறினா மிச்சம் எவ்வளவுன்னு நீயே பார்த்துக்கோ. இப்ப 30-ல நிக்குது. பார்க்க இன்னமும் அழகாத்தான் இருக்கு. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் வரைக்கும் அடி தட்டாம போய்ட்டு வந்தோம். என்னைக் கேட்டா இந்தப் பக்கத்து ரோட்டுக்கு 30 மி.மீ.க்கு மேல இறக்குறது வீம்பு.

ஸ்பானரை எடுக்கறதுக்கு முன்னாடி தரை மட்டம் பாரு. மேஸ்திரிங்க கிட்ட இருக்கிற தண்ணி டியூப் போதும், நாலு சக்கரம் நிக்கிற இடத்தையும் அதால பார்த்துடலாம். டயர்ல காத்து சரியா இருக்கணும். அளவை தரையில இருந்து எடுக்காதே, வீலோட நடுவுல இருந்து நேர் மேல மட்கார்டு விளிம்பு வரைக்கும் எடு. அப்பதான் டயர் மாத்தினாலும் கணக்கு மாறாது. உனக்கு மட்கார்டு மேல ஃபைபர் ஒட்டியிருந்தா அதோட விளிம்பை நம்பாதே, நாலு பக்கமும் ஒரே மாதிரி ஒட்டியிருக்கவே மாட்டாங்க. பழைய இரும்பு விளிம்புல இருந்து அளந்து நோட்டுல எழுதி வை.

இப்ப ஸ்பிரிங். வளையத்தை இறுக்கினா ஸ்பிரிங் கெட்டியாயிடும்னு நிறைய மெக்கானிக்கே நம்புறாங்க. ஆகாதுடா. ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஆறு கிலோ கேட்கிற ஸ்பிரிங்னு வெச்சுக்கோ. அது மேல 300 கிலோ உட்கார்ந்தா 50 மி.மீ. அமுங்கும். வளையத்தை 5 மி.மீ. இறுக்கினா வண்டி 5 மி.மீ. உயரும், அவ்வளவுதான். அதுக்கு மேல அமுக்க மறுபடியும் மில்லிமீட்டருக்கு ஆறு கிலோதான். வண்டியை இறக்குறதுக்காக வளையத்தைத் தளர்த்திக்கிட்டே போனா வேற ஆபத்து. ஜாக்கி போட்டுச் சக்கரம் தொங்குறப்ப ஸ்பிரிங் உட்கார்ற இடத்தை விட்டு நகர்ந்துடும். சக்கரம் தொங்குறப்ப ஸ்பிரிங் கையால ஆட்டினா ஆடக் கூடாது, அதுதான் அளவு. அடி பிராக்கெட் தனியா திருகுற மாதிரி செட்டு இருந்தா உயரத்தை அதுல வை, ஸ்பிரிங் வளையத்தைத் தொடாதே. அப்பவும் உடம்பு பிராக்கெட்டுக்குள்ள கம்பெனி சொன்ன அளவு மரை ஏறியிருக்கணும்.

போலோ மாதிரி வண்டிக்குப் பின்னாடி முழு காயில் ஓவர் கிடையாது. பின்னாடி ஒரே குறுக்கு பீம். ஸ்பிரிங் ஒரு இடம், ஷாக் ஒரு இடம். உயரம் மாத்துற வளையம் ஸ்பிரிங்கோட தனியா வரும். கடைக்காரர் இதைச் சொல்லாமலே விப்பார். பின்னாடி வீல் சாய்வை அலைன்மென்ட் மெஷின்ல திருத்தவும் முடியாது, மெல்லிசான ஷிம் தகடு வெச்சாத்தான் உண்டு.

தம்பி வண்டியில நான் கண்டுபிடிச்ச பெரிய தப்பு வேற. பெங்களூர்ல ஒரு கடையில மாட்டினப்ப லிஃப்ட்ல சக்கரம் தொங்குறப்பவே லோயர் ஆர்ம் போல்ட்டை எல்லாம் முழுசா முறுக்கிட்டாங்க. புஷ்ஷுல ரப்பர் இருக்கு. தொங்குற நிலையில முறுக்கினா, வண்டி தரையில நிக்கிறப்ப அந்த ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருக்கும். நாலாயிரம் கிலோமீட்டர்ல கிழிஞ்சுது. வண்டியைச் சக்கரத்து மேல நிறுத்தி, எடை இறங்கின பிறகு கடைசி முறுக்கு கொடுக்கணும். இதை மட்டும் கடையில நின்னு பார்த்து வாங்கு, காபி குடிக்கப் போயிடாதே.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த பழைய ஸ்ட்ரட்டைப் பிரிக்க ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி வேணும். அதை வீட்டு வாசல்ல பண்ணாதே, நழுவினா கை போயிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே படுக்காதே, ஸ்டாண்டு போடு.

அடுத்தது ஷாக்கோட கிளிக். குமிழை வலப்பக்கம் மெதுவா திருகி நிக்கிற இடம் வரைக்கும் போ, அங்கிருந்து பின்னாடி எண்ணு. மொத்தம் 30 கிளிக்னா 15-ல ஆரம்பி. இடமும் வலமும் ஒண்ணா இருக்கணும். ஒரே ரோடு, ஒரே வேகம், ஒரு தடவைக்கு ரெண்டு மூணு கிளிக்தான் மாத்தணும். பள்ளத்துல விழுந்து எழுந்த பிறகும் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடினா கெட்டியாக்கு. தொடர்ந்து மேடு பள்ளம் வர்றப்ப வண்டி மேல எழாம கீழேயே அமுங்கிப் போச்சுன்னா ரொம்பக் கெட்டியாயிடுச்சுன்னு அர்த்தம், பின்னாடி வா. முழு இறுக்கத்துல வெச்சாத்தான் ரேஸ் கார்னு நினைக்காதே. ரேஸ் டிராக் வழவழன்னு இருக்கும், பாலக்கோடு ரோடு அப்படி இல்லை.

இதை ஓட்டிப் பார்க்கத் தொப்பூர் கணவாய்க்கு மட்டும் போகாதே. கட்டமேட்டுல இருந்து இரட்டைப் பாலம் வரைக்கும் இறக்கத்துல லாரிங்க பிரேக் பிடிக்காம வந்து மோதின செய்தி எத்தனை படிச்சிருக்கோம்! வேகம் வேணும்னா கோயமுத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்துல கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கு, சென்னைக்குப் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கு.

அகல வீல் போட்டவங்களுக்கு ரெண்டு வார்த்தை. உரசுதான்னு தெரு சுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்பிரிங்கை எடுத்துட்டு ஷாக்கை மட்டும் மாட்டி, ஜாக்கியால சக்கரத்தை மேல தூக்கி, பம்ப் ஸ்டாப் ரப்பர் இடிக்கிற வரைக்கும் கொண்டு போ. அந்த நிலையில ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பு. எங்கே உரசுதுன்னு கண்ணுக்கே தெரியும். வீலுக்கும் ஹப்புக்கும் நடுவுல ஸ்பேசர் போட்டிருந்தா பழைய போல்ட்டே போதும்னு விடாதே. நீள போல்ட் வாங்கணும், ஏழெட்டு சுற்றாவது ஹப்புக்குள்ள ஏறணும். போலோவுக்கு வீல் போல்ட் முறுக்கு 120 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடியும் முறுக்கிப் பாரு.

அலைன்மென்ட் கடைசி வேலை. மாட்டின உடனே சும்மா ஓட்டுற அளவுக்கு ஒரு தடவை பண்ணிக்கோ. ஐநூறு கிலோமீட்டர்ல ஸ்பிரிங் கொஞ்சம் உட்காரும். அப்ப உயரம் அளந்து, பூட்டு வளையத்தை இறுக்கி, அதுக்கப்புறம் சரியா பண்ணு. அரை டேங்க் பெட்ரோலோட, நீ சீட்டுல உட்கார்ந்தே பண்ணச் சொல்லு. எங்க கடையில சில பேர் சிரிப்பாங்க, சிரிக்கட்டும். வண்டி இறங்கினா வீல் மேல்பக்கம் உள்ளே சாயும், டோவும், அதாவது மேல இருந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கிற அளவும் மாறும். சாய்வைவிட டோதான் டயரைத் தின்னும். மாசம் ஒரு தடவை டயர் உள் விளிம்பைக் கையால தடவிப் பாரு. ஒரு பக்கமா தடவினா வழவழன்னும் எதிர்ப்பக்கம் தடவினா ரம்பம் மாதிரியும் இருந்தா டோ போயிடுச்சு. ஹெட்லைட்டையும் அன்னிக்கே சரி பண்ணு. முன்பக்கம் மட்டும் இறங்கியிருந்தா வெளிச்சம் காலடியிலயே விழும். பின்பக்கம் இறங்கியிருந்தா எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும்.

நம்ம ஊர் செம்மண் மரையில ஏறி இறுகிட்டா அடுத்த வருஷம் வளையம் திரும்பாது. கிரீஸ் பூசாதே, அது மண்ணைப் பிடிச்சு வைக்கும். மழைக்கு அப்புறம் சோப்புத் தண்ணியும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும்.

சட்டத்தையும் சொல்லிடறேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தி ஓட்டக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. மோட்டார் வாகனச் சட்டத்துல 52-ஆவது பிரிவுதான் அது. அதே வருஷம் வந்த திருத்தத்துல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டும்னு இருக்கு. அகல மட்கார்டு தூரத்துல இருந்தே போலீஸ் கண்ணுல படும். விபத்து ஆனா இன்ஷூரன்ஸ்காரங்களும் இதைத்தான் முதல்ல தோண்டுவாங்க. மாத்துறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் பாலிசி கொடுத்தவங்க கிட்டயும் கேட்டு எழுத்துல வாங்கு.

கழட்டின பழைய ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் பழைய இரும்புக்குப் போட்டுடாதே. வண்டியை விக்கிறப்பவோ ஆர்.டி.ஓ. கேட்கறப்பவோ அதுதான் வேணும். இடம் எது, வலம் எதுன்னு பெயிண்ட்ல எழுதி, சாக்குல கட்டி வை. என் தம்பியோடது எங்க மாடிப்படிக்குக் கீழே இருக்கு.