மீனைப் புகையூட்டல்: ட்ரவுட் மீன் ஓர் உதாரணம்

அலகு: உணவு நற்காப்பு



உணவு நற்காப்பு முறைகள் மூன்று தருக எனக் கேட்டால் உலர்த்தல், உப்பிடல், புகையூட்டல் என உடனே எழுதிவிடுவீர்கள். புகையூட்டிய மீன் விரைவில் பழுதடையாதிருப்பது ஏன் என்று கேட்டால்தான் பேனை நிற்கிறது. "புகை நுண்ணங்கிகளைக் கொல்கிறது" என்ற ஒரே வரியுடன் பலர் முடித்துவிடுகின்றனர். இது அரைகுறை விடை. புள்ளி குறைவது ஒருபுறமிருக்க, இதனை நம்பி வீட்டில் மீனைப் புகையூட்டி வெளியில் வைத்து உண்பவருக்கு உயிராபத்தும் ஏற்படலாம். ஆகவே ஒரு மீனைத் தெரிவுசெய்து, அது பிடிபட்ட நேரத்திலிருந்து உண்ணும் நேரம் வரை படிப்படியாகப் பார்ப்போம்.

1. ட்ரவுட் மீன்

ட்ரவுட், ஒட்சிசன் நிறைந்த குளிர்ந்த ஓடும் நீரில் வாழும் மீன். வானவில் ட்ரவுட்டின் தாயகம் வட அமெரிக்காவின் பசுபிக் கரையோர ஆறுகள். பழுப்பு ட்ரவுட்டின் தாயகம் ஐரோப்பா. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் பொழுதுபோக்காகத் தூண்டிலிடுவதற்காக இம்மீனை நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பகுதி ஓடைகளில் அறிமுகஞ் செய்தனர்.

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தூண்டிலிடுவோர் பிடித்த ட்ரவுட்டை வீட்டிலேயே புகையூட்டி உண்பது வழக்கம். இதன் தசையில் ஓரளவு கொழுப்பு உண்டு. கொழுப்புள்ள மீன் புகையின் மணத்தை நன்கு ஏற்கும், சூட்டில் வரண்டுபோகாது.

2. இரு வகைப் புகையூட்டல்

(அ) குளிர்ப் புகையூட்டல்: ஏறத்தாழ 30 பாகை செல்சியசிலும் குறைந்த வெப்பநிலையில் நீண்ட நேரம் புகை படவிடுதல். மீன் வேகாது. நுண்ணங்கிகள் வெப்பத்தால் அழிவதில்லை. வீட்டில் செய்வதற்குப் பொருத்தமற்றது.

(ஆ) சூட்டுப் புகையூட்டல்: புகையுடன் வெப்பமும் கொடுத்து மீனை முற்றாக வேகவைத்தல். வீட்டில் ட்ரவுட்டுக்குப் பயன்படுத்தப்படுவது இதுவே.

3. செய்முறையும் காரணமும்

ஒவ்வொரு படியையும் அதன் காரணத்துடன் சேர்த்துப் படியுங்கள். பரீட்சையில் புள்ளி காரணத்திற்கே கிடைக்கும்.

படி 1: சுத்தஞ் செய்தல்
மீன் பிடிபட்டவுடன் வயிற்றைக் கீறிக் குடலையும் செவுள்களையும் (பூக்களையும்) அகற்ற வேண்டும். முள்ளந்தண்டை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். அது மீனின் சிறுநீரகம். அதனையும் விரல் நகத்தால் அல்லது கரண்டியால் சுரண்டி, குளிர்ந்த நீரில் கழுவிப் பனிக்கட்டியில் வைக்கவும். ட்ரவுட்டின் செதில்கள் மிகச் சிறியவை; அகற்ற வேண்டியதில்லை.
காரணம்: குடலிலும் செவுளிலும் பற்றீரியாக்கள் அதிகம். குடலிலுள்ள நொதியங்கள் மீன் இறந்த பின்னரும் தொழிற்பட்டுத் தசையை இளகச் செய்யும். குளிர் இவ்விரண்டையும் மந்தமாக்கும்.

படி 2: உப்புநீரில் ஊறவைத்தல்
ஒரு கோப்பை உப்புக்கு ஏழு கோப்பை நீர் என்ற அளவில் கரைசல் தயாரித்து, மீனைக் குளிரான இடத்தில் ஏறத்தாழ 1 மணித்தியாலம் ஊறவிடவும். மீன் தடிப்பாயின் நேரத்தைக் கூட்டவும். சுவைக்குச் சிறிது சீனி சேர்க்கலாம்.
காரணம்: பிரசாரணத்தால் தசையிலிருந்து நீர் வெளியேறும், உப்பு உட்செல்லும். நுண்ணங்கிகள் பயன்படுத்தக்கூடிய நீர் குறையும். தசையும் இறுகும்.

படி 3: மேற்பரப்பை உலரவிடுதல்
மீனை எடுத்து மேலோட்டமாகக் கழுவி, ஈ மொய்க்காத, காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில் கம்பித் தட்டின் மீது வைக்கவும். ஏறத்தாழ 1 மணித்தியாலத்தில் மேற்பரப்பில் பளபளப்பான மெல்லிய படை தோன்றும்.
காரணம்: இப்படையில்தான் புகை சீராகப் படியும். ஈரமான மீனில் புகை திட்டுத் திட்டாகப் படிந்து கசப்பை உண்டாக்கும்.

படி 4: புகையூட்டல்
மூடியுள்ள உலோக அடுப்பில் தணலை இட்டு, அதன்மேல் மரச் சீவல்களைத் தூவி, மேலுள்ள தட்டில் மீனை வைத்து மூடவும். அப்பிள், ஓக், பீச் போன்ற வன்மரங்கள் ஏற்றவை. பைன் போன்ற பிசின் மரங்களையும் வர்ணம் பூசிய பலகைகளையும் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. முதலில் மிதமான சூடும் பின்னர் கூடிய சூடும் கொடுக்கவும். மீனின் மிகத் தடித்த பகுதியின் உள்வெப்பநிலை குறைந்தது 66 பாகை செல்சியசை அடைந்து, அந்நிலையில் 30 நிமிடம் இருத்தல் வேண்டும். இதனை வெப்பமானியைக் குத்தியே அறியலாம். நிறத்தைப் பார்த்து அறிய முடியாது.
காரணம்: வெப்பம் பெரும்பாலான நுண்ணங்கிகளை அழிக்கும், நொதியங்களைச் செயலிழக்கச் செய்யும். புகையிலுள்ள பீனோல்கள், சேதன அமிலங்கள் முதலியன மேற்பரப்பில் நுண்ணங்கி வளர்ச்சியைத் தடுப்பதோடு கொழுப்பு காறலடைவதையும் தாமதப்படுத்தும்.

படி 5: ஆறவிட்டுச் சேமித்தல்
மீனை ஆறவிட்டு, தாளில் சுற்றி, 3 பாகை செல்சியசில் அல்லது அதற்குக் குறைவாகக் குளிரேற்றியில் வைத்துச் சில நாட்களுக்குள் உண்ண வேண்டும். நீண்ட காலத்திற்கு எனில் உறையச் செய்ய வேண்டும்.

கவனிக்க: புகையூட்டலை வீட்டுக்கு வெளியே திறந்த வெளியில் செய்ய வேண்டும். தணலிலிருந்து வெளிவரும் காபனோரொட்சைட்டு மணமற்ற நச்சு வாயு. அத்துடன் கரும்புகையில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்வைகள் உண்டு. எனவே மெல்லிய புகையே போதுமானது.

4. ஒரு மாணவியின் கேள்வி

இப்பாடத்தை நடத்தியபோது பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். "மிஸ், எங்கட அம்மம்மா அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிடுற இறைச்சி மாதக்கணக்கில கிடக்கும். புகை போட்ட ட்ரவுட்டை மட்டும் ஏன் குளிரேற்றியில வைக்க வேணும்?" என்று கேட்டாள். இந்தப் பாடம் முழுவதும் இக்கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

அம்மம்மாவின் இறைச்சி உப்பிடப்பட்டு, நாட்கணக்கில் அடுப்புச் சூட்டில் காய்ந்து வற்றியது. மாசிக்கருவாடும் அவ்வாறே, மீன் அவிக்கப்பட்டு, புகையூட்டப்பட்டு, மரக்கட்டை போல் ஆகும்வரை வெயிலில் உலர்த்தப்படுகிறது. இவற்றைக் காப்பது நீரின்மை. சில மணித்தியாலங்களில் தயாராகும் சூட்டுப் புகையூட்டிய ட்ரவுட்டிலோ பாதிக்கு மேல் நீரே உண்டு. மணமும் பொன்னிறமும் வந்துவிட்டதால் அது கருவாடு ஆகிவிடாது.

வெப்பத்திற்குத் தப்பும் வித்திகளும் உள்ளன. குளொஸ்திரீடியம் பொற்றுலினம் எனும் பற்றீரியா ஏரிச் சேற்றிலும் மீனின் குடலிலும் காணப்படலாம். ஒட்சிசன் அற்ற இடத்தில், உப்பும் குளிரும் போதாவிடின், அதன் வித்திகள் முளைத்துக் கொடிய நச்சை உண்டாக்கும். மணத்தில் மாற்றம் தெரியாமலே இது நிகழலாம். 1963ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில், பேரேரிப் பகுதியிலிருந்து வந்த, வளியகற்றி உறையிடப்பட்ட புகையூட்டிய மீனை உண்ட பலர் இந்நச்சினால் பாதிக்கப்பட்டனர், சிலர் இறந்தனர். மீன் புகையூட்டப்பட்டுத்தான் இருந்தது. புகை மட்டும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மனதிற் கொள்க: உப்பு, வெப்பம், நீரிழப்பு, குளிர் ஆகியன நற்காப்பின் தூண்கள். புகை அவற்றுக்குத் துணை மாத்திரமே.

5. மாதிரி வினாவும் விடையும்

வினா: சூட்டுப் புகையூட்டிய மீன் பழுதடைவது தாமதமாவதற்கான காரணங்கள் மூன்றினைத் தந்து, அதனைக் குளிரேற்றியில் வைக்க வேண்டியதன் அவசியத்தை விளக்குக.

விடை:
(i) உப்பு, நுண்ணங்கிகள் பயன்படுத்தக்கூடிய நீரைக் குறைக்கிறது.
(ii) வெப்பம், பெரும்பாலான நுண்ணங்கிகளை அழித்து நொதியங்களைச் செயலிழக்கச் செய்கிறது.
(iii) புகையிலுள்ள சேர்வைகள் மேற்பரப்பில் நுண்ணங்கி வளர்ச்சியையும் கொழுப்பு காறலடைவதையும் தடுக்கின்றன.
எனினும் தசையின் உட்பகுதியில் நீர் மீந்திருப்பதாலும் வெப்பத்திற்குத் தப்பிய வித்திகள் முளைக்கக்கூடுமாதலாலும் குளிரேற்றல் அவசியமாகும்.

பயிற்சி

1. புகையூட்டுமுன் மீனின் மேற்பரப்பை உலரவிடுவது ஏன்?
2. மாசிக்கருவாட்டையும் சூட்டுப் புகையூட்டிய ட்ரவுட்டையும் நீரளவு, சேமிக்கும் முறை என்பவற்றின் அடிப்படையில் ஒப்பிடுக.
3. "பொன்னிறமாகிவிட்டால் மீன் பாதுகாப்பானது." இக்கூற்றை ஆராய்க.

மூன்றாவது வினாவை நூலை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். அதனைச் சரியாக எழுத முடியுமாயின் இவ்வலகு உங்களுக்கு விளங்கிவிட்டது.