சக்கரத்துக்குள் மோட்டார்: மூன்று சமன்பாடுகள்

மின் வாகனம் என்றாலே மின்கலத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். மோட்டாரை எங்கே வைப்பது என்பதும் முக்கியமான கேள்விதான். சக்கரத்துக்குள்ளேயே வைத்துவிட்டால் நீண்ட அச்சுத்தண்டுகள் தேவையில்லை. பயணிகளுக்கும் இடம் மிஞ்சும். இது புதிய எண்ணமன்று. பெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த லோனர் மின்வண்டி, 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே முன்சக்கர மோட்டார்களுடன் இடம்பெற்றது. 1971-இல் அப்பல்லோ 15 வீரர்கள் நிலவில் ஓட்டிய வண்டியிலும் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி மோட்டார். அப்படியிருந்தும் மின் மகிழுந்துகளில் இம்முறை அரிதாக இருப்பதேன்? கணித மாதிரியைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலாவது, மின்சுற்று:

மின்னழுத்தம் = (மின்தடை × மின்னோட்டம்) + (மின்தூண்டம் × மின்னோட்டம் மாறும் வீதம்) + (மாறிலி × சுழல் வேகம்)

கடைசி உறுப்பு, சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம். வேகம் கூடக்கூட இதுவும் கூடும்.

இரண்டாவது, சக்கரத்தின் சுழற்சி:

நிலைமத் திருப்புத்திறன் × சுழல் முடுக்கம் = மோட்டாரின் முறுக்குவிசை − (சாலை தரும் விசை × ஆரம்)

முறுக்குவிசை மின்னோட்டத்திற்கு நேர்விகிதம். ஆகவே இரு சமன்பாடுகளும் இணைகின்றன. 1,200 கிலோகிராம் வாகனம், வினாடிக்கு வினாடி 2 மீட்டர் முடுக்கம் பெற 2,400 நியூட்டன் விசை வேண்டும். ஆரம் 0.3 மீட்டர் எனில் மொத்த முறுக்குவிசை 720 நியூட்டன் மீட்டர். நான்கு சக்கரங்களுக்குப் பகிர்ந்தால் தலா 180. பல்லிணை இல்லாதபோது இதை மோட்டாரே நேரடியாகத் தர வேண்டும். காந்தமும் செம்பும் இரும்பும் கூடும்; எடையும் கூடும்.

மூன்றாவது, மேலும் கீழுமான அதிர்வு. சிக்கல் இங்கேதான். சுருள்வில், டயர் இரண்டின் விறைப்பையும் கூட்டி, சக்கரப் பகுதியின் நிறையால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 6.28-ஆல் வகுத்தால் சக்கரம் துள்ளும் அதிர்வெண் கிடைக்கும். விறைப்பின் கூட்டுத்தொகை மீட்டருக்கு 2,00,000 நியூட்டன், நிறை 40 கிலோகிராம் என்க. விடை ஏறக்குறைய 11.3 ஹெர்ட்ஸ். அதே சக்கரத்தில் 30 கிலோகிராம் மோட்டாரைப் பொருத்தினால் 8.5 ஹெர்ட்ஸ். அமர்ந்திருக்கும் மனித உடல் செங்குத்து அதிர்வை மிகுதியாக உணர்வது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை. துள்ளல் அந்த எல்லையை நெருங்கிவிட்டது.

இது சொகுசை மட்டும் பொறுத்ததன்று. கனத்த சக்கரம் குழியில் விழுந்தெழுந்தால் அடங்க நேரமாகும். டயர் சாலையை அழுத்தாத அந்தக் கணத்தில் பிரேக்கும் திருப்பமும் பிடிமானம் இழக்கும். தணிப்பானை இறுக்கலாம், ஆனால் சிறு அதிர்வுகள் பயணியை எட்டும்.

மாதிரிக்கும் எல்லை உண்டு. டயர் சாலையை விட்டு எழும்பினால், நம் சமன்பாட்டில் அது சாலையைப் பிடித்து இழுக்கும். உண்மை டயர் இழுக்காது. எனவே அந்தக் கட்டத்தில் டயரின் விசையைச் சுழியாக்கிக் கணக்கிட வேண்டும்.

ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்தலாம் என்பது இம்முறையின் பெரும் பலம். மழைச்சாலையில் ஒரு சக்கரம் வழுக்கினால் அதன் முறுக்குவிசையை மட்டும் உடனே குறைக்கலாம். அந்தப் பலனுக்காக எவ்வளவு எடையைச் சுமப்பது என்பதே பொறியாளர் முன் உள்ள கேள்வி.

நண்பர்களே, ஆறாம் ஆண்டோடு தமிழில் கணிதம் படிப்பதை நம்மில் பலர் நிறுத்திவிட்டோம். ஆனால் மேலே உள்ள கணக்குக்குத் தேவைப்பட்ட கூட்டல், வகுத்தல், வர்க்கமூலம் எல்லாம் தமிழில் நமக்குத் தெரிந்தவையே. உங்கள் துறைப் பாடம் ஒன்றையும் இவ்வாறு எழுதிப் பாருங்கள்.